பாம் கையடக்கக் கருவிக்கு எந்த மூடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சட்டைப் பையில் இன்றும் பாம் (Palm) என்ற பழைய கையடக்க மின்னணுக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. நாட்குறிப்பு, தொலைபேசி எண்கள், மளிகைப் பட்டியல் எல்லாம் அதில்தான். பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கிறது" என்பார்கள். மூன்றாவதாக, அதற்கு எந்த மூடி நல்லது என்று கேட்பார்கள். பழைய கருவியைத் தேடிப்பிடித்து வாங்குபவர்களும் இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. உள்ளங்கை என்ற பொருளில் வைத்த பெயர், தமிழில் எழுதினாலும் சொன்னாலும் வெடிகுண்டாகிவிடுகிறது. ரயில் நிலையத்தில் பையைச் சோதிப்பவர் "உள்ளே என்ன?" என்று கேட்டால் "எலெக்ட்ரானிக் டைரி" என்று சொல்லுங்கள். நான் ஒருமுறை கருவியின் பெயரைச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஃபிளிப் கவர் என்றால் என்ன? ஒரு சின்னத் துணிப் பையில் போட்டு வைத்தால் போதாதா?

கருவியின் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்டு, புத்தக அட்டையைப்போலத் திறந்து மூடுவது ஃபிளிப் கவர். துணிப் பையும் திரையைக் காக்கும்தான். ஆனால் கருவியை வெளியே எடுக்க இரண்டு கை வேண்டும், எடுத்த பிறகு பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்க வேண்டும். ஃபிளிப் கவரைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, பின்பக்கமாக மடித்து, அப்படியே பிடித்துக்கொண்டு எழுதலாம்.

இந்தக் கருவியின் கதையே சட்டைப் பையில்தான் தொடங்குகிறது. இதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதல் மாடல் வருவதற்கு முன்பு, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது ஒரு நாளைக் குறிப்பிட்டால் மரத்துண்டை எடுத்து, அதில் எழுதுவதுபோலப் பாவனை செய்து பார்ப்பார். 1996இல் முதல் மாடலான பைலட் வெளிவந்தது அப்படித்தான். ஆகவே, மாட்டியதும் கருவியைச் சட்டைப் பைக்குள் போகவிடாத மூடி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கீழே வரும் பதில்களில் இந்தப் பிடிவாதம் ஆங்காங்கே தலைகாட்டும்.

எந்த மாடலுக்கு எந்த மூடி என்று ஒன்றுமே தெரியாது சார். முதலிலிருந்து சொல்ல முடியுமா?

1998இல் வந்த பாம் த்ரீயில் மேல் விளிம்பில் கீல் வைத்த கெட்டி பிளாஸ்டிக் மூடி கருவியோடு சேர்ந்தே வந்தது. 1999இல் வந்த பாம் ஃபைவ், ஐடியோ நிறுவனம் வடிவமைத்த அலுமினிய உடம்பு. தடிமன் சுமார் 10 மில்லிமீட்டர், எடை 115 கிராம் அளவு. அதற்குப் பக்கவாட்டுக் காடியில் செருகும் மெல்லிய தோல் மூடி. அதே ஆண்டில், பாம் மென்பொருளிலேயே ஓடிய ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் வைசருக்குத் தனியே கழன்று வரும் பிளாஸ்டிக் மூடி. எழுதும்போது அதை முதுகுப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். 2005இல் வந்த பாம் டிஎக்ஸுக்கு மறுபடியும் பக்கவாட்டில் செருகும் மெல்லிய மூடி.

இடையில் 2000இல் எம் 100 என்று ஒரு மலிவு மாடல் வந்தது. அதன் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள். மூடியைத் திறக்காமலே பொத்தானை அழுத்தினால் அந்த ஜன்னலில் மணியும் தேதியும் தெரியும். மூடி என்பது மறைக்க மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் இதை யோசித்தவர் கெட்டிக்காரர். மலிவு மாடல் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

இவை கருவியோடு வந்தவை. வெளி நிறுவனங்கள் செய்தவை தனிக் கூட்டம். அர்ஜென்டினாவின் வாஹா, தோல் வேலைக்குப் பேர்போன ஸ்பெயின் நாட்டு ஊரான உப்ரிக்கேயிலிருந்து பியெல் ஃபிராமா, அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் செய்த ரைனோஸ்கின், இங்கிலாந்தின் புரோபோர்ட்டா ஆகியவை பழைய பொருள் சந்தையில் இன்றும் அடிபடும் பெயர்கள்.

"காடியில் செருகு" என்கிறீர்கள். என் கருவியில் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லையே?

பலகையில் தச்சர் இழைக்கிற நீளப் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். இதற்கும் அது பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டேன். பாம் ஃபைவை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் ஓடும். ஒன்றில் திரையில் எழுதும் குச்சியான ஸ்டைலஸ் படுத்திருக்கும், மற்றது மூடிக்கு. மூடியின் முதுகோரத்தில் ஒரு மெல்லிய தண்டு இருக்கும். அதை மேலிருந்து காடிக்குள் இறக்கினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். டிஎக்ஸில் காடி இடப்பக்கம்.

தண்டு பாதியில் நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். பல ஆண்டுப் பையழுக்கு உள்ளே கெட்டித்துப்போயிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷை உலர்ந்தபடியே நாலு முறை ஓட்டினால் போதும். பாம் த்ரீயிலும் வைசரிலும் காடி கிடையாது, தேட வேண்டாம்.

தோலா, பிளாஸ்டிக்கா, உலோகமா? சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்.

சட்டைப் பையில் வைப்பவருக்குத் தோல். தோள்பையில் மற்ற சாமான்களோடு போடுபவருக்கு உலோகம். கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு எந்த மூடியும் உதவாது.

காரணம் இதுதான். திரைக்கு மூன்று ஆபத்துகள்: கீறல், அழுத்தம், விழுதல். மெல்லிய தோல் மூடி கீறலைத் தடுக்கும். அழுத்தத்தை அப்படியே திரைக்குக் கடத்திவிடும். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு காலை நேரம், பிதுங்கி வழியும் பஸ். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. மடியில் பை, பைக்குள் தோல் மூடி போட்ட டிஎக்ஸ். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "கொஞ்சம் வைத்துக்கொள்கிறீர்களா தம்பி" என்று தம் டிபன் கேரியரை என் பையின்மேல் வைத்தார். இறங்கியதும் கருவியை எடுத்தேன். தோலில் ஒரு சுவடும் இல்லை. மூடியைத் திறந்தால், திரையில் பிறை வடிவத்தில் ஒரு விரிசல், டிபன் கேரியரின் அடிவட்டத்தில் கால்வாசி. விரிசலை ஒட்டி மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரம் மெல்ல நகர்ந்து, அன்றைய தேதியின்மேல் ஏறியது.

உலோகப் பெட்டியில் திரைக்கும் மூடிக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். மேலே விழும் பாரம் பெட்டியின் விளிம்புகளுக்குப் போய்விடும், திரைக்கு வராது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த வெற்றிடத்தைத்தான். வாங்கும் முன் மூடியை மூடி, நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஏதோ தட்டுப்பட்டால் அது உலோகமாக இருந்தும் பயனில்லை. மற்றபடி உலோகத்தின் குறை வழுக்கல். செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் சட்டைப் பையிலிருந்து நழுவிவிடும். தோல் துணியைப் பற்றிக்கொண்டு நிற்கும். கெட்டி பிளாஸ்டிக் இரண்டுக்கும் நடுவில். எடை இல்லை, அழுத்தத்தையும் ஓரளவு தாங்கும். கீல்தான் அதன் பலவீனம், அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. விழுவதைப் பற்றிச் சொன்னால், மூலைகள் வெளியே தெரியும் எந்த மூடியும் மூலை குத்தி விழும் கருவியைக் காப்பாற்றாது.

மூடிதான் இருக்கிறதே, திரைமேல் படலமும் ஒட்ட வேண்டுமா?

ஒட்டுங்கள். மூடி, நீங்கள் எழுதாத நேரத்துக்கு. கீறல்கள் பெரும்பாலும் எழுதும் நேரத்தில்தான் விழுகின்றன. இந்தத் திரை இன்றைய அலைபேசித் திரையைப்போல் அல்ல. மேலே நெகிழும் பிளாஸ்டிக் படலம், கீழே கண்ணாடி. ஸ்டைலஸ் அழுத்தும் இடத்தில் மேலது வளைந்து கீழதைத் தொடும். கீறல் விழுவது மேலே உள்ள மென்மையான படலத்தில். அதிலும் கிராஃபிட்டி எனப்படும் பாமின் கையெழுத்து முறையில் எழுத்துகளைக் கிறுக்கும் கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும். பழைய கருவி வாங்கும்போது அந்தக் கட்டத்தைச் சாய்த்துப் பார்த்தாலே முன்பு வைத்திருந்தவர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சில மூடிகளின் உள்பக்கம் வெல்வெட் போன்ற துணி இருக்கும். கைக்கு இதம், ஆனால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டார்ச் வெளிச்சத்தைக் கிடைமட்டமாக அடித்தால் துகள்கள் மின்னுவது தெரியும். மூடிய மூடி பையில் ஆடும்போதெல்லாம் அவை திரையில் தேய்கின்றன. மாதம் ஒருமுறை ஒட்டுநாடாவை விரலில் சுற்றி உள்பக்கம் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மூடியிருக்கும்போதே தானாக விழித்துக்கொண்டு சார்ஜ் தீர்ந்துபோகிறது. கருவியில் கோளாறா?

பெரும்பாலும் மூடியில்தான் கோளாறு. முன்பக்கப் பொத்தான்களில் எதை அழுத்தினாலும் இந்தக் கருவிகள் விழித்துக்கொள்ளும். மென்மையான மூடி அழுத்தத்தைத் திரைக்குக் கடத்துவதுபோலவே பொத்தானுக்கும் கடத்துகிறது. பை அசைய அசையப் பொத்தான் மறுபடி மறுபடி அழுந்தும். இரண்டு நிமிடத்தில் தானாக அணையும்படி வைத்திருந்தாலும் அது அணைவதற்கு வழி இல்லை.

டிஎக்ஸ் போன்ற பிற்கால மாடல்களில் இதற்கு அமைப்புகளிலேயே பொத்தான்களைப் பூட்டும் கீ லாக் வசதி உண்டு. அதைத் தானியங்கியாக வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பாம் ஃபைவில் அது கிடையாது. அதற்கு என் வீட்டு வைத்தியம், நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் சின்ன ஃபெல்ட் வட்டங்கள். அவற்றில் இரண்டை மூடியின் உள்பக்கக் கீழ் மூலைகளில், பொத்தான்களுக்கு வெளியே சட்டத்தின்மேல் உட்காரும்படி ஒட்டினேன். மூடி ஓரளவு விறைப்பாக இருந்தால் பொத்தான்களைத் தொடாமல் நிற்கும். துவண்டுபோன மூடிக்கு இது பலிக்காது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். பாம் ஃபைவில் நீங்கள் எழுதியதெல்லாம், மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவிருக்கும் ராம் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி முழுதும் வற்றினால் எல்லாம் போய்விடும். கணினியில் நகல் எடுத்து வைத்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. டிஎக்ஸில் அந்தப் பயம் கிடையாது. சார்ஜ் தீர்ந்தாலும் தகவல் அழியாத நினைவகம் அதற்கு.

நான் இடது கைக்காரன். இந்த மூடிகள் எல்லாம் எனக்கு எதிராகவே செய்யப்பட்டவையா?

பாம் ஃபைவ் உங்களுக்கு நண்பன். இரண்டு காடிகளும் ஒரே மாதிரி இருப்பதால் ஸ்டைலஸை இடப்பக்கமும் மூடியை வலப்பக்கமும் மாற்றிச் செருகிக்கொள்ளலாம். மேல்கீல் வைத்த பாம் த்ரீயில் இடமும் வலமும் ஒன்றே. டிஎக்ஸில் அந்த வசதி இல்லை. இடப்பக்க மூடியை முழுதாகப் பின்னால் மடித்துவிட்டு எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு மாடலின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்துமா? விற்பவர் "எல்லாப் பாமுக்கும் சேரும்" என்கிறார்.

எல்லாவற்றுக்கும் சேரும் என்று யாராவது சொன்னால் அது எதற்கும் சரியாகச் சேராது. உண்மையில் சேரும் ஜோடிகள் சில உண்டு. பாம் ஃபைவின் உருவத்தையே 2001இல் வந்த எம் 500 வரிசையும் கொண்டிருந்தது. காடியில் செருகும் தோல் மூடி இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் முழு உலோகப் பெட்டியை அப்படி மாற்றாதீர்கள். எம் 500 வரிசையில் அடிப்பக்க இணைப்பு மாறிவிட்டது, மேலே மெமரி கார்டுக்கு வழி வந்துவிட்டது. பழைய பெட்டியின் துளைகள் இடம் மாறி நிற்கும். வண்ணத்திரை வைத்த எம் 505, எம் 515 இரண்டும் சற்றுத் தடிமன் வேறு.

இன்னொரு ஜோடி டங்ஸ்டன் டி5, டிஎக்ஸ். இரண்டுக்கும் உடலளவு ஒன்றே. டங்ஸ்டன் இ2இன் மூடியை டிஎக்ஸுக்குப் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஎக்ஸ் சுமார் 7 மில்லிமீட்டர் உயரம் அதிகம். கட்டை வேட்டி கட்டிய நெட்டையனைப்போல் அடிப்பகுதி வெளியே தெரியும்.

மூடியில் காந்தப் பூட்டு இருக்கிறது. உள்ளே இருக்கும் தகவல் அழிந்துவிடாதா?

அழியாது. இந்தக் கருவிகளின் நினைவகம் சில்லுகளில் இருக்கிறது, காந்தப் பட்டையில் இல்லை. அழுத்தத்தால் வேலை செய்யும் திரைக்கும் காந்தத்தால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில். சில தோல் மூடிகளின் உள்பக்கம் அட்டை செருகும் சின்னப் பைகள் உண்டு. அதில் வைக்கும் வங்கி அட்டையின் முதுகில் கறுப்புக் காந்தப் பட்டை இருக்கும். காந்தப் பூட்டை ஒட்டியே அது இருந்தால் கெட்டுப்போகலாம்.

அந்த அட்டைப் பைகளில் வேறு என்ன வைக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். எண்கள் புடைத்த வங்கி அட்டை, மூடியை மூடியதும் நேராகத் திரைமேல் உட்காரும். டிபன் கேரியர் கதையை மறுபடி படியுங்கள். பஸ் டிக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உலோகப் பெட்டி போட்டால் வை-ஃபை கிடைக்குமா? பீம் செய்ய முடியுமா?

உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும். முழுக்க மூடிய பெட்டிக்குள் டிஎக்ஸ் வை-ஃபையைத் தேடித் தவிக்கும். மூடியைத் திறந்து முன்பக்கம் வெளியே தெரிந்தால் கிடைக்கும், தூரம் குறையும். பீம் செய்வது, அதாவது இன்னொரு கருவிக்குத் தகவல் அனுப்புவது, அகச்சிவப்பு ஒளியால். அதற்கு உலோகமா தோலா என்பது பொருட்டல்ல, வழி திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. பாம் ஃபைவில் அந்த ஒளி போகும் கறுப்பு ஜன்னல் மேல் விளிம்பில் இருக்கிறது. பெட்டியின் மேல்விளிம்பு அதை மறைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தோல் மூடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். தோல் கறுத்து, எண்ணெய் சிக்கெடுத்து, அந்த வாசனை பையை விட்டுப் போகாது. பிசுக்கு திரைக்கும் ஏறும். முதலில் அது பூஞ்சணம்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். பதனிடும்போது தோலில் ஏற்றிய கொழுப்பும் சில சமயம் வெள்ளையாக வெளியே பூக்கும். மூடியைக் கருவியிலிருந்து கழற்றி, தலைமுடி உலர்த்தும் கருவியால் தூரத்திலிருந்து இளஞ்சூடு காட்டுங்கள். கொழுப்பாக இருந்தால் உருகித் தோலுக்குள் போய்விடும். அப்படியே நின்றால், பழைய துணி நாற்றமும் அடித்தால், பூஞ்சணம்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியே நிழலில் உலர்த்தி, பிரஷால் தட்டி, சிறிது ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து நனைத்த துணியால் துடையுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு நிறமற்ற தோல் பூச்சு கொஞ்சம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க என் மூடிகள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில்தான் இருக்கின்றன. செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் செலவில்லை.

"பெட்டி பிரிக்காத புதிய மூடி" என்று விற்கிறார்கள். இருபது வருடம் ஆனாலும் புதியது புதியதுதானே?

அசல் தோல் என்றால் ஓரளவு ஆம். உலோகமும் அப்படியே. ஆனால் 'தோல் மாதிரி' என்று விற்பவற்றில் பல பாலியூரித்தேன் பூசிய துணி. அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தை வாங்கி, யாரும் தொடாமலே பெட்டிக்குள் சிதையும். நான் ஆசையாக வாங்கிய ஒன்று, பிரித்து மூன்றாம் நாள் கையில் கறுப்புச் செதில் செதிலாக உரிந்தது. மதியச் சாப்பாட்டில்தான் அதைக் கவனித்தேன், சோற்றில் கடுகுபோல் கிடந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. யாரும் பயன்படுத்தாத மூடிதான் அது.

உலோகப் பெட்டிக்குள் ஒட்டிய நுரைப்பஞ்சுக்கும் இதே கதி. பிசுபிசுத்து, பொடியாகி, பொத்தான் இடுக்குகளில் இறங்கும். படத்தில் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், விரலால் அழுத்திய படமாக இருந்தால் இன்னும் நல்லது. நுரைப்பஞ்சு மட்டும் கெட்டிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டலாம். பூச்சு உரியத் தொடங்கிய மூடிக்கு வைத்தியம் இல்லை.

வாங்கிய கருவியின் முதுகில் வெல்க்ரோ ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடலாமா?

ஆரம்ப காலத்து உறைகள் சில அப்படித்தான் கருவியைப் பிடித்துக்கொண்டன. எடுத்துவிடலாம். இளஞ்சூடு காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, மிச்சப் பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தேய்த்தெடுங்கள். பெயின்ட் தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் உருகும்.

பாம் த்ரீயின் மூடிக் கீல் உடைந்துவிட்டது. சூப்பர் குளூ போட்டால் நிற்குமா?

ஒரு வாரம் நிற்கும். அந்தப் பசை காய்ந்ததும் விறைத்துவிடும், கீலோ அசைய வேண்டிய இடம். போதாததற்கு, காயும்போது எழும் ஆவி பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும். திரைக்கு ஒட்டினாற்போல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அந்த மூடி முழுதாகக் கழன்று வரக்கூடியது. திரை செத்துப்போன இன்னொரு பாம் த்ரீயை மலிவாக வாங்கி அதன் மூடியை மாற்றுவதுதான் நிலையான வழி. நான் இப்படி மூன்று கருவிகளின் உறுப்புகளை வைத்து ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வருடக்கணக்கில் சரியாக இருந்த உறை திடீரென இறுக்கமாகிவிட்டது. தோல் சுருங்கிவிட்டதா?

நனைந்து வெயிலில் காய்ந்திருந்தால் தோல் சுருங்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் உடனே கருவியை வெளியே எடுத்து, கண்ணாடி மேசைமேல் மல்லாக்காக வைத்து மூலையைத் தட்டுங்கள். தள்ளாடினால் முதுகு புடைத்திருக்கிறது, பேட்டரி உப்பியிருக்கிறது. உலோகப் பெட்டியில் இது இன்னும் மோசம். பெட்டி விட்டுக்கொடுக்காது, உப்பிய பேட்டரி திரையைப் பின்னாலிருந்து தள்ளும். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்திச் சரிசெய்ய முயலாதீர்கள். பாம் ஃபைவின் உடல் திருகாணியால் இல்லாமல் பசையால் ஒட்டப்பட்டது. அதைத் திறப்பது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அப்பாவின் பாம் இது. நான் பயன்படுத்தப் போவதில்லை, பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். எந்த மூடி வாங்கட்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். இருக்கும் மூடியையும் கழற்றித் தனியே வையுங்கள். எடுத்து வைக்கும் கருவிக்கு மூடியே பகை. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், செயற்கைத் தோல் உரிந்து ஒட்டும், நுரைப்பஞ்சு பிசினாகும். கருவியைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு ஒரு டப்பாவில் வைத்தால் போதும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அது பாம் த்ரீ மாதிரியான மாடலாக இருந்து இப்போதும் வேலை செய்கிறது என்றால், பேட்டரியைக் கழற்றி வைத்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். அதில் இருப்பவை இரண்டு சின்ன டிரிபிள்-ஏ பேட்டரிகள். கழற்றிய பிறகு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் அது எழுதியவற்றை நினைவில் வைத்திருக்கும். முதலில் கணினியில் நகல் எடுங்கள். அதற்கான கேபிள் கிடைக்கவில்லையென்றால், ஒரு நாள் உட்கார்ந்து நாட்குறிப்பின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெளிவாக விழும்.